மூன்று வருஷம் படித்த இயற்பியலை மறுபடியும் ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி: ஐயா, திருமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். என் மகள் மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். நன்றாகவே மார்க் வாங்குகிறாள். எம்.எஸ்ஸி.யும் இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். மெக்கானிக்ஸ், மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ் என்று அதே பெயர்கள்தான் திரும்ப வருகின்றன. படித்ததையே மறுபடி படிக்க இரண்டு வருஷமா? பி.எட். சேர்த்துவிட்டால் டீச்சர் வேலைக்குப் போய்விடுவாள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கணக்கு அதிகமாக இருக்குமாம், கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று அவளே ஒருநாள் சொன்னாள். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, கம்ப்யூட்டர் வாங்கித் தர வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம். பாடத்திட்டத்தை வாங்கிப் புரட்டினீர்கள் பாருங்கள், அதுவே பெரிய விஷயம். சேர்க்கைக்கு வருகிற பெற்றோரில் பலர் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதுகலை வகுப்பில் குவாண்டம் பேப்பர் எடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெயர்கள் அதேதான், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் கேட்கப்படும் கேள்வி மாறிவிடுகிறது. பி.எஸ்ஸி.யில் ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்து, அதில் எண்களைப் போட்டு விடை கண்டுபிடிக்கச் சொல்வோம். எம்.எஸ்ஸி.யில் அந்த விதி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்று கேட்போம்.

உங்கள் கடையில் புழங்கும் செம்புக் கம்பியையே எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் நன்றாக ஓடிச் சூடான பிறகு காயிலின் ரெசிஸ்டன்ஸை அளந்தால் ஏறியிருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். உங்கள் மகள் இதை பி.எஸ்ஸி. லேபிலேயே அளந்திருப்பாள். காயிலைச் சூடாக்கி, ரெசிஸ்டன்ஸ் அளக்கும் கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜில் வைத்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பாள். அந்த எண் சரியாக வந்தால் பி.எஸ்ஸி. வேலை முடிந்தது.

ஏன் ஏறுகிறது? இங்கேதான் எம்.எஸ்ஸி. தொடங்குகிறது. 1900-இல் ட்ரூட் என்ற ஜெர்மானியர் ஒரு விளக்கம் சொன்னார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் காற்றிலுள்ள மூலக்கூறுகள்போலத் தாறுமாறாக ஓடி, அணுக்களில் மோதித் தடைபடுகின்றன என்றார். இதை வைத்து ஓமின் விதி அழகாக வந்துவிடும். பி.எஸ்ஸி. புத்தகத்தில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் அதே கணக்கைத் தொடர்ந்து போட்டால், ரெசிஸ்டன்ஸ் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏற வேண்டும் என்று வருகிறது. உங்கள் மீட்டர் அப்படிக் காட்டாது. சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ நேர்க்கோட்டில் ஏறும். இன்னொரு கோளாறும் உண்டு. அவ்வளவு எலக்ட்ரான்கள் சுதந்திரமாக ஓடுகின்றன என்றால், செம்பைச் சூடாக்கும்போது அவையும் ஒரு நல்ல பங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குவதே இல்லை என்று சொல்கிற அளவுக்கு மிகக் குறைவாகத்தான் வாங்குகின்றன.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு பேப்பர் போதாது. எலக்ட்ரானை அலையாகப் பார்க்கக் குவாண்டம் இயக்கவியல் வேண்டும். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் உட்கார முடியாது என்ற விதியை வைத்துக் கோடானுகோடி எலக்ட்ரான்களைக் கணக்கெடுக்கப் புள்ளியியல் இயக்கவியல் வேண்டும். அந்தக் கணக்கின்படி, தனிச் சுழி வெப்பநிலையிலும்கூட, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற நிலையிலும்கூடச் செம்புக்குள் மிக வேகமான எலக்ட்ரான்கள் வினாடிக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் திடநிலை இயற்பியல். அணுக்கள் ஒரு பிசகும் இல்லாமல் வரிசையாக நின்றால், எலக்ட்ரான் அலை தடையே இல்லாமல் போய்விடும் என்று 1928-இல் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டினார். அப்படியானால் தடை எங்கிருந்து வருகிறது? வரிசை கலைவதிலிருந்து. சூடு ஏற ஏற அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன, அலை சிதறுகிறது, உங்கள் மீட்டர் முள் நகர்கிறது. கம்பியை மிகவும் குளிர வைத்தால் அதிர்வு அடங்கி, செம்பில் கலந்திருக்கும் அசுத்தமும் அடுக்கிலுள்ள குறைகளும் மட்டும் தடையாக மிஞ்சும்.

இதில் மாணவர்களை எப்போதும் திகைக்க வைக்கும் ஒரு கணக்கு உண்டு. சதுர மில்லிமீட்டருக்கு 5 ஆம்பியர் என்ற கணக்கில் ஒரு காயிலில் மின்சாரம் போகிறது என்று வையுங்கள். எலக்ட்ரான்கள் கூட்டமாக முன்னோக்கி நகரும் வேகம் வினாடிக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டம், மொத்தமாக நகர்வதோ எறும்பைவிட மெதுவாக. இரண்டும் ஒரே கம்பிக்குள் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைப் பேப்பரும் பேனாவும் வைத்துத் தானே நிறுவத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு முதல் வருஷம் வீண்போகவில்லை என்று சொல்வேன்.

இப்போது பாடத்திட்டத்துக்கு வருகிறேன். நான்கு செமஸ்டர். எந்தப் பேப்பர் எந்த செமஸ்டரில் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனால் கணித இயற்பியல், செவ்வியல் இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல் இரண்டு பேப்பர், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல், திடநிலை, அணுக்கரு மற்றும் துகள் இயற்பியல், நிறமாலையியல், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் எங்கே போனாலும் இருக்கும். இவற்றோடு மாணவர்கள் விரும்பி எடுக்கும் சில எலக்டிவ் பேப்பர்கள், லேப், கடைசியில் ஒரு புராஜெக்ட்.

செவ்வியல் இயக்கவியலில் விசை என்ற பேச்சையே பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டு, ஆற்றலை வைத்தே ஒரு பொருள் எப்படி நகரும் என்று எழுதப் பழக்குகிறோம். லக்ராஞ்சி, ஹாமில்டன் என்ற பெயர்கள் வரும். பிற்பாடு குவாண்டத்துக்குப் போக இதுதான் வாசல். ஆகவே இதைச் சும்மா மார்க்குக்கு எழுதிவிட்டுத் தாண்டுகிறவர்கள் இரண்டாவது செமஸ்டரில் தடுக்கி விழுகிறார்கள்.

மின்காந்தவியல் உங்கள் தொழிலுக்கே சொந்தம். மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளை வைத்துக்கொண்டு ஆன்டெனா முதல் ஒளி வரை எல்லாவற்றையும் அதில் வரவழைப்போம். ஸ்டேட்டருக்கு ஸ்டாம்பிங் தகடுகளை மெல்லிசாக வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பூச்சுக் கொடுத்து அடுக்குகிறார்களே, அதற்குள் ஓடும் சுழல் மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் அது. மாறுமின்சாரம் ஒரு உலோகத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அந்தச் சமன்பாடுகளிலிருந்தே கணக்கிடலாம். நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். இதைப் பாடத்தில் நடத்தும்போது உங்கள் மகள் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்டேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் வகுப்பே களைகட்டும்.

எலக்ட்ரானிக்ஸ் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. 1970-களில் வந்த 8085 மைக்ரோபிராசஸரைப் பல இடங்களில் இன்னும் லேபில் வைத்து நடத்துகிறார்கள். அடிப்படை புரியும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு மாதம் போதும், மீதி நேரத்தை சென்சாரும் மைக்ரோகன்ட்ரோலரும் வைத்து ஏதாவது அளக்க விடலாம். என்னைப்போல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், பாடத்திட்டக் குழுவில் இந்தப் பேச்சு நத்தை வேகத்தில் போகிறது.

நிறமாலையியல் என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஒளியைப் பிரித்து, அதில் விழும் கோடுகளை வைத்து, ஒளி வந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி இதைத்தான் செய்தார். சூரியப் புள்ளியைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து வரும் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதைப் பார்த்து, அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகமெங்கும் அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடக்கும் படிப்பு என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ராமனோடு சேர்ந்து ராமன் விளைவுக்காக உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். அவ்வளவு ஏன், மதுரையிலேயே இப்போது 85 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, நடுவில் துகள்களைப் பதிவு செய்யும் கருவிகளை வைத்து, செம்புச் சுருள் சுற்றிக் காந்தமாக்கி, வானத்திலிருந்து விழும் மியூயான் என்ற நுண்துகள்களைப் பிடிக்கும் ஒரு சோதனை அமைப்பு இருக்கிறது. காந்தப் புலத்தில் துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து அதன் மின்னூட்டம் நேரா எதிரா என்று சொல்லிவிடுவார்கள். தேனி மாவட்டத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் கட்டுவது பற்றிய சர்ச்சை தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. மதுரையில் இருப்பது அதன் சின்ன மாதிரி.

லேபைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எஸ்ஸி. லேபில் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஒரே கோடு இல்லை, 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரண்டு கோடுகள் என்று படித்திருப்பாள். எம்.எஸ்ஸி. லேபில், ஒளியை இரண்டாகப் பிரித்துக் கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைத்து மறுபடி சேர்க்கும் மைக்கெல்சன் குறுக்கீட்டுமானியில் அந்த 0.6-ஐ அவளே அளப்பாள். இருட்டறையில் விளக்கைப் போட்டால் முதலில் ரோஸ் நிறத்தில் மினுங்கும், சில நிமிஷம் கழித்துத்தான் முழு மஞ்சளுக்கு வரும். கண்ணாடிகளைச் சரிபண்ணி வட்ட வட்டமான வளையங்களை வரவழைப்பதற்குள் பாதி மதியம் போய்விடும். அப்புறம் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். வளையங்கள் மெல்ல மங்கி, ஒரு இடத்தில் காணாமலே போகும். இன்னும் சுற்றினால் திரும்பத் தெளியும், மறுபடி மங்கும். ஒரு மங்கலுக்கும் அடுத்த மங்கலுக்கும் நடுவில் கண்ணாடி நகர்ந்த தூரம் ஏறத்தாழ 0.29 மில்லிமீட்டர். அந்தத் தூரத்திலிருந்துதான் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சின்னதான அந்த 0.6 நானோமீட்டர் வித்தியாசம் வெளியே வருகிறது. சாலையில் ஒரு பஸ் போனாலே வளையங்கள் நடுங்கும். பக்கத்து டேபிள்காரி இடித்துவிட்டால் சண்டையே நடக்கும்.

அதே லேபில் ஹால் விளைவும் உண்டு. மின்சாரம் ஓடும் தகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தால் குறுக்கே ஒரு சின்ன வோல்டேஜ் வரும், ஓடும் மின்னூட்டம் நேரா எதிரா என்பதை அதன் குறி சொல்லும். உலோகத்தில் ஓடுவது எலக்ட்ரான், ஆகவே எதிர்க்குறி வர வேண்டும். செம்பில் வரும். துத்தநாகத்தில் நேர்க்குறி வருகிறது! வயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள். வயரில் தப்பில்லை, பி.எஸ்ஸி.யில் படித்த விளக்கம் அங்கே போதவில்லை, அவ்வளவுதான். எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகளைப் படித்த பிறகுதான் அதற்கு விடை.

கணக்குப் பயத்தை நான் லேசாகச் சொல்லப் போவதில்லை. கணக்கு அதிகம்தான். வகைக்கெழுச் சமன்பாடு, அணிகள், சிக்கலெண் சார்புகள், ஃபூரியர் மாற்றம் எல்லாம் தினசரிப் புழக்கத்தில் வரும். ஆனால் பயப்படுவதற்கும் வராது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கடைசி செமஸ்டர் முடிந்து வகுப்பு தொடங்குவதற்குள் சில வாரங்கள் கிடைக்கும். தினம் ஒரு மணி நேரம், பி.எஸ்ஸி. துணைப்பாடக் கணக்குப் புத்தகத்தையே எடுத்து, மூன்றுக்கு மூன்று அணியின் ஐகன் மதிப்புகளும் இரண்டாம் படி வகைக்கெழுச் சமன்பாடுகளும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை பார்க்காமல் போட வேண்டும். தப்பாக வந்தால் எங்கே தப்பு என்று தேடுவதில் அவளுக்கு எரிச்சலைவிட ஆர்வம் அதிகமாக இருந்தால் தைரியமாகச் சேருங்கள். ஒரு வாரத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள் என்றால் எம்.எஸ்ஸி. அவளுக்குச் சுமையாகத்தான் இருக்கும். அப்போது வற்புறுத்தாதீர்கள்.

இன்னொரு உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. சமன்பாடுகளை வரவழைக்கும் டெரிவேஷன்களை மனப்பாடம் செய்து, பழைய கேள்வித்தாளைப் பார்த்து எழுதி, முதல் வகுப்பில் எம்.எஸ்ஸி. பாஸ் பண்ணிவிட முடியும். ஏராளமான பேர் அப்படித்தான் வெளியே வருகிறார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் அவர்கள் உட்காரும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வருகிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் இயற்பியல் தாள் மூன்று மணி நேரம், 200 மார்க். அதில் 100 மார்க் சி பகுதிக்கு, கேள்விக்கு ஐந்து மார்க் வீதம். தப்பான விடைக்குக் கால் பங்கு கழியும். டெரிவேஷனுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் புதுக் கணக்கு. முதல் செமஸ்டரிலிருந்தே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பழைய நெட் தாளில் அந்தப் பாடக் கணக்குகளைப் போடுகிறவர்களுக்குக் கடைசியில் தனிக் கோச்சிங் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

பி.எட். விஷயம். சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி சரி. பி.எஸ்ஸி.யோடு பி.எட். முடித்தால் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம், அரசுப் பள்ளிக்கு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும் தாண்ட வேண்டும். பி.எட். முடித்ததும் வேலை கையில் வந்து விழாது. எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் இருந்தால் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர் பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுதலாம். டீச்சர் வேலைதான் குறி என்றாலும், என் யோசனை எம்.எஸ்ஸி. முதலில், பி.எட். பிறகு. இரண்டு வருஷம் பி.எட். படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் கணக்கை மறந்துவிட்டு வந்து முதல் செமஸ்டரில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பணக் கஷ்டம், சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் நிலைமை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கல்லூரியில் பாடம் எடுக்க நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு வேண்டும், அல்லது முனைவர் பட்டம். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கிவிட்டால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 தொடக்கத்திலிருந்து இந்தத் தொகை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி இயற்பியல் முதுகலைக்காரர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறது. நம் பக்கம் பலருக்குத் தெரியாத ஒரு வழி மருத்துவ இயற்பியல். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, அதே மையம் நடத்தும் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோவைப் படித்தால், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மருத்துவமனைகளில் வேலை. எந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போட்டு, இயந்திரம் அந்த அளவைத்தான் தருகிறதா என்று சோதிப்பவர் டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவர். மதுரையிலேயே அப்படிப்பட்ட சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இருக்கின்றன. பொறுப்பான வேலை, அந்த டிப்ளமோவுக்குப் போட்டியும் கடுமை.

கல்லூரி. காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் புலம், அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பெண்களுக்கு லேடி டோக், ஃபாத்திமா என்று உங்களுக்குப் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்திலேயே இருக்கின்றன. எது ஒசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். நேரில் போய் மூன்று விஷயம் விசாரியுங்கள். எலக்டிவ் பேப்பர் என்னென்ன உண்மையில் நடத்துகிறார்கள், புராஜெக்டை ஒவ்வொருவரும் தனியாகச் செய்கிறார்களா அல்லது ஐந்தாறு பேர் ஒரே ரிப்போர்ட்டில் பெயர் போடுகிறார்களா, லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர். மூன்றாவதைப் பதிலாகக் கேட்காதீர்கள், லேபுக்குள் போய்ப் பாருங்கள். உதவி பெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா என்பதையும் விண்ணப்பத்திலேயே கவனியுங்கள். ஒரே கல்லூரிக்குள் இரண்டும் இருக்கும், ஃபீஸில் பெரிய வித்தியாசம் வரும்.

வெளியூர் அனுப்பச் சம்மதம் என்றால், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, திருவாரூர், புதுச்சேரி மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் க்யூட் என்ற முதுகலை நுழைவுத் தேர்வு. இரண்டுமே பி.எஸ்ஸி. பாடத்திலிருந்துதான் கேட்கும். விண்ணப்பம் கடைசி வருஷப் படிப்பு நடக்கும்போதே வந்து முடிந்துவிடும். ரிசல்ட் வந்தபிறகு பார்க்கலாம் என்றிருந்தால் அந்த வருஷம் போச்சு. ஆகவே அவளிடம் இன்றைக்கே கேளுங்கள்.

கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் சேரும்போதே விலை கூடியதை வாங்க வேண்டாம். எண்முறைக் கணக்குகளுக்குப் பைத்தான் போதும், இலவசம். சுமாரான ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் இரண்டு வருஷமும் ஓடும். புராஜெக்டில் பெரிய கணக்கு வந்தால் துறையின் கணினியில் போட்டுக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கித் தருவதாக இருந்தால் வேண்டாம், அது உங்கள் கடையிலேயே இருக்கும்.